ஐயர் பங்களா

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் 'ஐயர்' என்றால் கிறிஸ்தவக் கோயில் போதகர் என்றும் ஒரு பொருள் உண்டு. ஜி.யு. போப்பைப் போப்பையர் என்றும் கால்டுவெல்லைக் கால்டுவெல் ஐயர் என்றும் சொன்ன பழைய வழக்கின் மிச்சம் அது; சாதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. போதகரின் மனைவி ஐயரம்மா. கோயில் சுற்றுச்சுவருக்குள்ளேயே இருக்கும் அவர்கள் வீடு, ஓடு வேய்ந்த இரண்டு அறையாக இருந்தாலும் ஐயர் பங்களாதான். எழுத்தில் அது குருமனை. மற்ற இடங்களில் ஆயர், குருவானவர், சபைகுரு என்று பெயர்கள் மாறும். இப்போது எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டுப் பாஸ்டர் என்ற சொல் உள்ளே வந்துவிட்டது.

இந்த ஊர்ப் போதகர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை ஒன்றாகி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான சபை அது. அதன் நிர்வாக அமைப்பில் போதகருக்கு மேலே இருப்பது திருமண்டலம், அதற்குத் தலைவர் பேராயர். போதகரின் கையில் இருப்பது சேகரம். சேகரம் என்பது ஓர் ஊர் அல்ல. தலைமைச் சபையும் சுற்றியுள்ள சிறிய ஊர்ச் சபைகளும் சேர்ந்த தொகுதி. சிறிய ஊர்களில் அன்றாட ஜெபத்தையும் ஞாயிறு ஆராதனையையும் உபதேசியார் பார்த்துக்கொள்வார். ஆனால் திருவிருந்து கொடுக்கப் பட்டம் பெற்ற குருவானவர் வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஓர் ஊர், அது முடிந்ததும் இன்னோர் ஊர் என்று அங்கியை மடித்துப் பையில் வைத்து, பைக்கில் மாட்டிக்கொண்டு அவர் ஓடுவது சேகரத்துச் சாலைகளில் வழக்கமான காட்சி.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வயது முந்நூறைத் தாண்டிவிட்டது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தொடங்கிய லுத்தரன் சபையில், 1733இல் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்த சபைகளில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் தமிழர் அவர்தான். கத்தோலிக்கக் குருவுக்கும் இவர்களுக்கும் வெளிப்பார்வைக்கே தெரியும் வேறுபாடு ஒன்று: இவர்களுக்குக் குடும்பம் உண்டு. துறவியாக இருந்த மார்ட்டின் லூத்தர் 1525இல், துறவு மடத்திலிருந்து வெளியேறிய காத்தரீனாவை மணந்ததிலிருந்து குருவின் வீடு என்ற ஒன்று ஐரோப்பாவின் சீர்திருத்த சபைகளில் வழக்கமாயிற்று. சீகன்பால்கும் ஜெர்மனிக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டு, 1716இல் மனைவியோடு தரங்கம்பாடிக்குத் திரும்பினார். திருமணத்தைப் பற்றிப் போதிக்கிறவர் தாமே திருமணமானவராக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு வம்பும் உண்டு. சொல்வது அனுபவித்துச் சொல்வதாக இருக்கும். ஆனால் பிரசங்க பீடத்திலிருந்து அவர் சொல்வதை, சில அடி தூரத்தில் இருக்கும் அவர் வீட்டு ஜன்னலோடு ஊர் ஒப்பிட்டுப் பார்க்கும்.

போதகரின் நாளுக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. கோயில் மணியோடு காலை ஜெபம். அது முடிவதற்குள் பங்களாத் திண்ணையில் ஆள் வந்திருக்கும். பள்ளிச் சேர்க்கைக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் ஒருவருக்கு. வெளிநாடு போகிற பேரனுக்கு, தாத்தாவின் திருமணம் எந்த ஆண்டு நடந்தது என்று தேடித்தர வேண்டும் இன்னொருவருக்கு. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகள் போதகரின் பொறுப்பில் உள்ளன. பழைய சபைகளில் அவை நூறாண்டுக்கும் மேல் பின்னோக்கிப் போகும். அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத காலத்து மனிதர்களுக்கு, தாம் பிறந்ததற்கான ஒரே எழுத்துச் சான்று அந்தத் தடித்த நோட்டில்தான் இருக்கும்.

பிறகு வீடு சந்திப்பு. நோயாளி, முதியவர், பிள்ளை பெற்றவள், பரீட்சை எழுதப் போகிறவன், புது வீட்டுக்கு நிலை வைக்கிறவர் என்று ஜெபத்துக்கு அழைக்கக் காரணம் குறைவதே இல்லை. புது டிராக்டரின் சாவியும் கைக்கு வரும். எல்லா வீட்டிலும் காபி வரும், மறுத்தால் வருத்தம். சர்க்கரை நோய் பிடித்த போதகருக்கு இது சின்னச் சங்கடம் அல்ல. எந்த வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்ற கணக்கும் எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டுக்கொண்டேயிருக்கும். பணக்கார வீட்டில் அரைமணி நேரமும் காலனியில் ஐந்து நிமிடமும் என்றால் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அது பேச்சாகும்.

சாவு மட்டும் எதற்கும் காத்திருக்காது. காலையில் ஓர் ஊரில் கல்யாணம், மாலையில் அடுத்த ஊரில் அடக்கம் என்று ஒரே நாளில் அமைவது அரிதல்ல. அதே வெள்ளை அங்கிதான் இரண்டுக்கும். காலையில் சிரித்த முகத்தை மாலைக்குள் மாற்றிக்கொள்ள எந்த இறையியல் கல்லூரியும் பாடம் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

கல்யாண வேலை, கல்யாணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே பங்களாவில் தொடங்கிவிடும். முதலில் ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு காகிதத்துக்கு வந்து நெடுங்காலம் ஆகியும் பேச்சில் அது 'ஓலை வாசிப்பு'தான். மணமக்கள் வேறு வேறு சபையினர் என்றால் இரண்டு இடத்திலும் வாசித்து, ஒரு கோயிலின் சான்று மற்றதற்குப் போய்ச் சேர வேண்டும். தடை சொல்ல யாரும் எழுந்திருப்பது அபூர்வம். ஆனால் மூன்று வாரமும் கோயிலில் அந்த வினாடி மட்டும் ஓர் அமைதி விழும்.

சட்டமும் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. திருமணத்தை நடத்திவைக்கும் போதகர் அங்கே சமயச் சடங்கு செய்கிறவர் மட்டுமல்ல, சட்டத்தின் கண்ணில் அதைப் பதிவு செய்கிறவரும்கூட. பொதுவிதிப்படி காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் திருமணம் நடக்க வேண்டும். விதிவிலக்குக்குத் தனி அனுமதி வேண்டும். சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவின் நகல் அரசுக்குப் போக வேண்டும். நாள் குறிப்பதில் சபையின் நாட்காட்டியும் குறுக்கே நிற்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் நாற்பதிலும் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் லெந்துக்கு முந்தைய வாரங்களிலும் ஈஸ்டர் முடிந்த கையோடும் போதகருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ராகு காலத்தில் நம்பிக்கையில்லை என்று சொல்லும் குடும்பங்களும், ஞாயிறு மாலை நாலரைக்கு மேல் வேண்டாமே என்று மெல்ல இழுப்பதைப் போதகர்கள் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடுவார்கள்.

அடுத்தது பிரசங்கம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குத் தலைப்பைச் சபையின் நாட்குறிப்பே கொடுத்துவிடும்: பெண்கள் ஞாயிறு, இளைஞர் ஞாயிறு, குடும்ப ஞாயிறு என்று ஆண்டு முழுவதற்கும் அட்டவணை இருக்கிறது. கல்யாணப் பிரசங்கத்தை அவரே தேட வேண்டும். கேட்கிறவர்களில் பாதிப்பேர் வேறு மதத்தினர். மண்டபத்தில் சமையல் முடிந்துவிட்டது. புகைப்படக்காரர் மணமக்களின் முகத்தையும் போதகரின் முகத்தையும் மாறிமாறி மறைத்துக்கொண்டிருக்கிறார். கால்மணி நேரத்தைத் தாண்டினால் பின்வரிசை எழுந்து பந்திக்குப் போய்விடும்.

கையிலெடுக்கும் வேதபகுதிகள் ஏழெட்டுதான். கானாவூர்க் கல்யாணம் எளிதானது: விருந்தில் திராட்சரசம் தீர்ந்த கதை. குடியால் குடும்பங்கள் சீரழியும் ஊரில், அந்த ரசத்தைப் பற்றி அதிகம் பேசாமல் ஆறு கற்சாடிகளுக்கும் தண்ணீருக்கும் நழுவிவிடுவது பழகிய போதகரின் கைவேலை. ரூத்தின் புத்தகத்தில் வரும் புகழ்பெற்ற உறுதிமொழியையும் கணவன் மனைவியின் பிரியாத அன்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். மூலத்தில் அது ஒரு மருமகள் தன் மாமியாரிடம் சொன்னது. இதை எடுத்துச் சொல்லும் போதகருக்கு மணமகன் வீட்டு வரிசையிலிருந்து நல்ல கவனிப்புக் கிடைக்கும்.

பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம்தான் அதிகம் அடிபடும் பகுதி. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற 22ஆம் வசனத்திலிருந்து தொடங்குவதே பழைய வழக்கம். அதற்கு முந்தைய வசனம் இருவரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதைப் பேசுகிறது. பிந்தைய வசனங்கள் கணவனிடம் கேட்பதோ மனைவியிடம் கேட்பதைவிடப் பல மடங்கு, உயிரையே கொடுக்கிற அளவுக்கு. இறையியல் கல்லூரிகளில் பெண்ணியப் பார்வை பாடமான பிறகு படித்து வந்தவர்கள் 21இலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு வசனம் முன்னால் தொடங்கினால் பிரசங்கமே மாறிவிடுகிறது.

இவற்றைவிடக் கூர்மையானது ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம். 'ஏற்ற துணை' என்ற சொல்லை அதிலிருந்துதான் கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்கள் எடுத்துக்கொண்டன. அதே பகுதியின் முடிவில், தகப்பனையும் தாயையும் விட்டு வருகிறவன் ஆண் என்று இருக்கிறது. தமிழ்க் கல்யாணத்தில் விட்டு வருகிறவள் பெண். அந்த வசனத்தை வாசித்துவிட்டு, கண்கலங்கி நிற்கும் பெண்ணின் தாயைப் பார்க்கும் போதகர், முரண்பாட்டை அறிந்தே தாண்டிப்போகிறார். துணிந்தவர்கள் மணமகனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்கள்: தனிக்குடித்தனம் போ என்றல்ல, மனைவியைப் பற்றிய முடிவுகளை அம்மா எடுக்கும்படி விடாதே என்று. கூட்டத்தில் சிலர் செருமுவார்கள்.

கல்யாணத்தில் பேசாமல் விடப்படும் பொருள்கள் இரண்டு. ஒன்று வரதட்சணை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. பிரசங்கங்களும் பொதுவாகக் கண்டிக்கும். ஆனால் மேடையில் மணமகளின் கழுத்தில் கிடப்பது எத்தனை பவுன் என்று அந்தப் போதகருக்கும் தெரியும். வெள்ளாளன்விளைக் கிராமப் போதகரின் மகனாக 1874இல் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வே.ச. அசரியா வரதட்சணை வாங்காமல் மணம் செய்தவர். அந்த உதாரணத்தைச் சொல்லும் போதகர்கள் உண்டு. பின்பற்றியவர்களின் பட்டியல் நீளமில்லை. இன்னொன்று சாதி. தமிழகச் சபைகளில் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டார். தஞ்சைப் பக்கத்துச் சபைகளில் அது பெரிய கலகமானது. இன்று ஒரே பாத்திரத்திலிருந்து எல்லோரும் திருவிருந்து எடுக்கிறார்கள். ஓலையில் வாசிக்கப்படும் இரண்டு பெயர்களோ பெரும்பாலும் ஒரே சாதிக்குள்ளேதான் வருகின்றன.

கல்யாணம் முடிந்து ஓராண்டு, ஈராண்டில் அதே மணமக்களில் ஒருவர் பங்களாவுக்குத் தனியாக வருவார். பகலில் வருவது அரிது. விளக்கு வைத்த பிறகு, பின்வாசல் வழியாக. குடி, சந்தேகம், மாமியார், துபாய்க்குப் போனவன் அனுப்பாத பணம். போதகர் விசாரித்துச் சமாதானம் செய்கிறார். பல தலைமுறைகளாக அந்த அறிவுரையின் சாரம் பெண்ணிடம் சகித்துக்கொள் என்பதாகவே இருந்தது. அதற்குச் சட்டமும் துணையாக இருந்தது. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி கணவனுக்கு மனைவியின் பிறன்தொடர்பை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ அதோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001இல் வந்த திருத்தம்தான் அந்தப் பாகுபாட்டை நீக்கி, இருவரும் ஒப்பிப் பிரியும் வழியையும் கிறிஸ்தவர்களுக்குத் திறந்தது. இப்போது பல சபைகளில் கல்யாணத்துக்கு முன்பே ஆயத்த வகுப்பு வைக்கிறார்கள். பணம், பிள்ளைப்பேறு, கோபம் எல்லாவற்றையும் ஒரு நாளில் பேசிமுடிக்கும் வகுப்பு. மணமக்கள் கைபேசியைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதே அதில் பெரிய வெற்றி என்று சொல்ல வேண்டும்.

பின்வாசல் வழியாக வருகிறவர்களில் பெண்கள் முதலில் பேசுவது ஐயரம்மாவிடம். அவர் பட்டம் பெறாதவர், சம்பளம் இல்லாதவர். ஆனால் பெண்கள் ஐக்கியச் சங்கத்தை நடத்துவது, ஓய்வுநாள் பள்ளிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, எந்த நேரத்தில் வருகிறவருக்கும் ஒரு வாய் சோறு வைத்திருப்பது எல்லாம் அவர் வேலை. இதுவும் பழைய மரபுதான். நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவியான மார்த்தா மால்ட் பெண்களுக்குப் பின்னல் லேஸ் வேலை கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கைத்தொழிலையும் கொண்டுவந்தார். கணவர்கள் நூல்களில் இடம்பெற்றார்கள். அந்த லேஸ் பல குடும்பங்களின் அடுப்பை எரித்தது. சபையில் பெண்களுக்கும் இன்று குருப்பட்டம் உண்டு. 2013இல் நந்தியால் திருமண்டலத்தின் பேராயராகப் புஷ்பலலிதா பொறுப்பேற்று, தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். கிராமத்துச் சேகரங்களில் மட்டும் பெண் போதகரின் கணவரை எப்படி அழைப்பது என்பதற்கு இன்னும் ஒரு சொல் அமையவில்லை.

இத்தனைக்கும் நடுவில் போதகருக்குப் பொழுதுபோக்கு உண்டா என்றால், பழைய போதகர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்தோபர் சாமுவேல் ஜான், ஓய்வு நேரத்தில் சிப்பிகளும் பாம்புகளும் சேகரித்தார். நாம் இருதலை மணியன் என்று சொல்லும் பாம்பின் அறிவியல் பெயரான எரிக்ஸ் ஜானி, அவர் பெயரிலிருந்து வந்தது. அவருடைய சகபோதகர் ராட்லர் செடிகொடிகளில் ஈடுபட்டார். அவர் உலர்த்திச் சேர்த்த தாவரத் தொகுப்பு இன்று லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது. சென்னை வேப்பேரியில் கழித்த கடைசிக் காலத்தில் தமிழ் அகராதியும் தொகுத்தார். கால்டுவெல் கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். பிரசங்கம் எழுதிய கை சும்மா இருக்கவில்லை.

இன்றைய போதகரின் பொழுதுபோக்கு சுற்றுச்சுவருக்குள் அடங்கியது. கோயில் வளாகத்தில் மாலையில் வலை கட்டி வாலிபர்களோடு ஷட்டில் ஆடலாம். உடம்புக்கும் நல்லது, வாலிபர் சங்கத்துக்கும் நல்லது. கேரம் ஆடலாம், சதுரங்கம் ஆடலாம்; சீட்டுக்கட்டு மட்டும் கூடாது. காசு வைக்காமல் ஆடினாலும் கூடாது. கிரிக்கெட்டில் தவறான அவுட்டுக்குச் சண்டை போட முடியாது என்பதால் பலர் அம்பயராகிவிடுகிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் சுகம் அவருக்கு இல்லை. உட்கார்ந்தால் தேர்தல் பற்றிக் கருத்துக் கேட்பார்கள், நாட்டுத் தேர்தலாக இருந்தால்கூடப் பரவாயில்லை, திருமண்டலத் தேர்தலாக இருந்தால் வம்பு. சினிமாக் கொட்டகை ஒரு தலைமுறைக்கு முன்புவரை நினைத்தும் பார்க்க முடியாத இடம். கைபேசி வந்தபிறகு அந்தத் தடை யாருக்கும் தெரியாமல் கரைந்துபோனது. பழைய இளையராஜா பாட்டை முணுமுணுக்கும் ஐயர் சபையில் பிரியத்துக்குரியவர். பிரசங்க பீடத்தில் அதை எடுத்துக்காட்டாகச் சொன்னால் முன்வரிசைப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

பாட்டு பலருக்குப் பொழுதுபோக்காகத் தொடங்கி ஊழியமாகிவிடும். ஆர்மோனியத்தில் கீர்த்தனைக்கு மெட்டுத் தேடுவது, கிறிஸ்துமஸ் பஜனைக்குப் பிள்ளைகளைப் பழக்குவது என்று நவம்பர் தொடங்கினாலே பங்களாத் திண்ணை பாட்டுப் பள்ளியாகும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு இதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார். கிராமிய மெட்டுகளில் வழிபாட்டையே அமைத்தார். எல்லோருக்கும் 'ஒரே உலை' என்ற சமையலறைச் சொல்லை இறையியலாக்கினார். அவரைப் 'பரட்டை' என்று உரிமையோடு அழைத்தார்கள். டிசம்பர் முழுக்கப் பனியில் வீடுவீடாகப் பாடிய தொண்டைக்குப் பனங்கற்கண்டும் மிளகும்தான் மருந்து. இல்லையென்றால் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையில் குரல் வராது.

தோட்டமும் கோழியும் கிட்டத்தட்ட எல்லாப் பங்களாக்களிலும் உண்டு. கோழி வளர்க்கவே வேண்டியதில்லை, வந்து சேரும். கிராமச் சபைகளில் காணிக்கை பணமாக மட்டும் வருவதில்லை. வாழைத்தார், தேங்காய், முட்டை, சேவல், உலைக்கு எடுக்கும்போது ஒரு பிடி ஒதுக்கிச் சேர்த்த அரிசி என்று பலவிதமாக வரும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். அறுப்பின் பண்டிகையன்று அது பெரிய திருவிழா: இரண்டு முட்டைக்கு ஆயிரம் ரூபாய் கேட்பார்கள், கௌரவத்துக்காக. ஏலம் விடுகிறவரைவிட வேகமாகக் கணக்குப் போட்டு, எந்த இரண்டு குடும்பங்களுக்கு இடையே போட்டி முற்றுகிறது என்று கவனித்து, சரியான இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். அசனத்தன்று ஊர் முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சாப்பாடு சாப்பிடுவதற்கு முன், அண்டாவைத் திறந்து ஜெபிப்பவரும் அவர்தான். கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவரும் அவரே.

ஞாயிறு உழைப்பதால் திங்கள் ஓய்வு என்பது பேச்சளவில் இருக்கிறது. சனி இரவு அப்படியல்ல. அது பிரசங்கத்துக்கே உரியது. வாரம் முழுவதும் ஒதுக்க முடியாத நேரத்தை அன்று பத்து மணிக்குமேல், பிள்ளைகள் தூங்கியபின் எடுத்துக்கொள்வார். அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு தனி நிலை உண்டு. 'ஐயர் பையனா இப்படி?' என்ற வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்த போதகர் மகன் இருக்க முடியாது. வீட்டில் உரத்துப் பேசினால் வெளியே கேட்கும் என்று நாலு வயதிலேயே தெரிந்துகொள்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வரும். பெரும்பாலும் பள்ளி விடுமுறைக் காலத்தில். எந்தச் சேகரம் என்பது திருமண்டல அலுவலகத்தின் முடிவு. நல்ல சேகரம், தண்ணீர் இல்லாத சேகரம், வழக்கு நடக்கும் சேகரம் என்று போதகர்களுக்குள் ஒரு வரைபடம் உண்டு. பிரிவு உபசார ஆராதனை, சால்வைகள், கண்ணீர், பிறகு லாரி. பீரோவும் கட்டிலும் பங்களாவின் சொத்து, புத்தகப் பெட்டிகளும் பாத்திரமும் போதகருடையவை. கிளம்புவதற்கு முன் மூன்று பதிவேடுகளையும் வரிசையாக அடுக்கி, கடைசிப் பதிவுக்குக் கீழே கோடு போட்டுக் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். அதற்குக் கீழே அடுத்தவர் எழுதுவார். வந்த ஆண்டில் அவர் நட்ட முருங்கை அப்போதுதான் நன்றாகக் காய்க்கத் தொடங்கியிருக்கும். போகிற இடத்தில் வேறொருவர் நட்டது காய்த்துக்கொண்டிருக்கும்.